பெயருக்குப் பின்னால் பி.ஏ.

திருநெல்வேலி பேட்டையில் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையில் 'தாஜ் கிரில் ஒர்க்ஸ்' என்ற பலகை இருபது வருடம் தொங்கியது. அதன் கீழே, கடைப் பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில், 'உரிமையாளர்: சா. தாஜ் முகம்மது, பி.ஏ. (வரலாறு)' என்று எழுதியிருக்கும். சன்னல் கம்பிக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. சம்பந்தம் இல்லாததால்தான் பெரிதாக எழுதி வைத்தேன்.

இந்தப் பக்கத்தில் எனக்குப் பி.ஏ. பாய் என்று பெயர். தெருவிளக்கு எரியவில்லையென்றாலும், குடும்ப அட்டையில் பெயர் தப்பாக விழுந்தாலும், மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். மற்றப் பட்டறைக்காரர்கள் கதவுக்கு அளவு எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் அளவு எடுக்கும்போதே பாண்டியர் கோட்டைக்கு எத்தனை வாசல், எந்த வாசலில் யார் காவல் என்று சொல்லத் தொடங்குவேன். வீட்டுக்காரர்கள் உடனே சம்மதித்து முன்பணம் கொடுத்துவிடுவார்கள். என் வேலையின் நேர்த்தி என்று நான் நினைத்திருந்தேன். என் பேச்சை நிறுத்தத்தான் என்று என் மனைவி ரைஹானத் சொல்கிறாள்.

கையெழுத்திலும் பி.ஏ. உண்டு. பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் பெயரை எழுதி, கடைசி எழுத்தின் வாலிலிருந்தே பி.ஏ.வுக்குப் போய், அடியில் ஒரு கோடும் போட்டு முடிப்பேன். எரிவாயு உருளை கொண்டுவருகிறவர் நீட்டும் சீட்டில்கூட அப்படித்தான் போடுவேன். அவர் ஒருமுறை, "இத்தன எழுத்து எதுக்கு அண்ணாச்சி, சிலிண்டரு வந்துச்சுன்னு ஒரு கோடு கிழிச்சாப் போதும்" என்றார். படிப்பின் அருமை தெரியாதவர் என்று மன்னித்துவிட்டேன்.

இதில் ஒரே ஒரு சிக்கல். நான் பி.ஏ. இல்லை.

பொருநைப் பல்கலைக்கழகம் இன்றைக்குப் பெரிய சமாச்சாரம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக மாணவர்களுக்கென்று தனிப் பேருந்தே ஓடுகிறது. ஆனால் அதன் கலைக் கல்லூரி பல்கலைக்கழகத்தைவிட இருபது வயது மூத்தது. 1961-ல் ஆற்றங்கரையில் ஓர் அரிசி ஆலைக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, தமிழ், வரலாறு, பொருளாதாரம் என்று மூன்று வகுப்புகளோடு ஆரம்பித்தார்கள். பிறகுதான் பல்கலைக்கழகம் வந்து கல்லூரியைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. பிள்ளை பிறந்து தாயைத் தத்தெடுத்த கதைதான். அறிவியல் துறைகளுக்குப் பளபளவென்று கட்டடங்கள் எழும்பின. கலைத்துறைக்காரர்கள் கிடங்கிலேயே இருந்தோம். நான் படித்தபோது மழை பெய்தால் சுவரிலிருந்து தவிட்டு வாடை வரும். மின்விசிறிகள் சுற்றும், காற்று வராது.

முதல் முதல்வர் தானியேல் என்பவர், பாளையங்கோட்டைக்காரர். முதல் வருடம் சேர்ந்த நாற்பத்தொரு பேரையும் உட்காரவைத்து, யார் வீட்டில் ஏற்கெனவே பட்டதாரி இருக்கிறார் என்று கேட்டாராம். ஒரு கையும் எழவில்லையாம். அன்றைக்கு அவர் தடிமனான ஒரு பேரேடு வாங்கி வந்து, அதற்கு முதல் கையெழுத்து ஏடு என்று பெயர் வைத்தார். தன் வீட்டின் முதல் பட்டதாரி யாரோ அவர் மட்டும் அதில் பெயரும் ஆண்டும் எழுதலாம். பக்கத்துக் கட்டத்தில் அவருடைய தாயோ தகப்பனோ கையெழுத்திட வேண்டும், தெரியாதவர்கள் கைநாட்டு வைக்க வேண்டும். இன்றுவரை அந்த வழக்கம் நிற்கவில்லை. எங்கள் கல்லூரியில் பட்டமளிப்பு விழாவுக்கு வராத பெற்றோர் உண்டு, ஏட்டு நாளுக்கு வராதவர்கள் குறைவு.

நான் 1989-ல் சேர்ந்தேன். அப்போது எங்கள் வீடு வண்ணார்பேட்டையில் ஆற்றுப் பக்கமாக இருந்தது. வாப்பா சாகுல் ஹமீது சைக்கிளில் கைலி கட்டி விற்றுவந்தார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் சேர்ந்த அன்றைக்கே ஏட்டைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். சாப்பிடும்போது, "அந்த ஏட்டுல எந்தக் கைப் பெருவெரலு வைக்கணும்?" என்று கேட்டார். இடது கை என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து வைக்கப்போகிற விரலை அவர் தயாராக வைத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் என்ன படித்தேன் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் வருடம் பதினெட்டு நாள் வேலைநிறுத்தம் செய்தோம். முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். கல்லூரி வாசலில் பேருந்து நிறுத்தம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை என்று பதினாறாவது நாள்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு நடந்து போகிற தூரம்தான். இரண்டாம் வருடம் சுவர் இதழுக்கு ஆசிரியரானேன். ஆசிரியர் என்றால் மற்றவர்கள் எழுதியதை அழகான கையெழுத்தில் படியெடுக்கிறவர் என்று அர்த்தம். வருகைப்பதிவு குறைந்து, மன்னிப்புக் கடிதம் கொடுத்து, தேர்வு எழுத அனுமதி வாங்கினேன். அந்தக் கடிதத்தைத் துறைத்தலைவர் மற்ற மாணவர்களுக்கு மாதிரியாகப் படித்துக் காட்டினார். மனு எழுதும் தொழில் எனக்கு அங்கேதான் கைவந்தது.

வகுப்பில் ஐந்து பெண்கள். அவர்களில் பெர்சிஸ் என்ற பாளையங்கோட்டைப் பெண் என்னிடம் மட்டும் குறிப்பேடு கேட்கமாட்டாள், என் குறிப்பேட்டில் ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அவள் தாத்தாவே பி.ஏ. "எனக்கு அந்த ஏட்டுல எடமே இல்ல தாஜ். உங்களுக்கெல்லாம் குடுத்துவச்சிருக்கு" என்று சொல்வாள். எங்கள் வீடுகளில் யாரும் படிக்காமல் போனதை ஒரு பாக்கியமாகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

இரண்டாம் வருடம் எங்களைக் கொற்கைக்குக் கூட்டிப்போனார்கள். பாண்டியர் துறைமுகம், முத்துக் குளித்த பட்டினம் என்று புத்தகத்தில் படித்துவிட்டு, அலையடிக்கும் என்று மாற்றுக் கைலியோடு போனேன். அங்கே வாழைத்தோட்டம்தான் இருந்தது. கடல் எங்கே என்று கேட்டேன். அது விலகிப்போய்ப் பல நூறு வருடம் ஆகிறது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். "இப்ப நீ நிக்க எடத்துலதான் கப்பல் நின்னிருக்கும்" என்றார். நான் காலை நகர்த்தி வைத்தேன். ஏனோ அன்றைக்கு எனக்குப் படிப்பு பிடித்துப்போயிற்று. அடுத்த ஒரு வருடம் நூலகத்தில் கொற்கையைத் தவிர வேறு எதையும் நான் தொடவில்லை. பிடித்தது பிடித்தபடியே நின்றதுதான் என் துரதிர்ஷ்டம்.

1992 ஏப்ரலில் தமிழக வரலாறு தாள். ஐந்து கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இருபது மதிப்பெண். முதல் கேள்வி: கொற்கைத் துறைமுகத்தின் சிறப்பை விளக்குக. கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் எனக்குக் கண் கலங்கியது. எழுத ஆரம்பித்தேன். கூடுதல் தாள் எட்டு முறை வாங்கினேன். பழைய கடற்கரையை வரைபடமாகப் போட்டேன். பாய் விரித்த கப்பல் ஒன்றும் வரைந்தேன். கப்பலில் கொடி வரைந்துகொண்டிருந்தபோது கடைசி முக்கால் மணி நேரம் என்று மணியடித்தார்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு பக்கம் எழுதினேன். மூன்றாவதற்குத் தலைப்பு எழுதி அடிக்கோடிட்டபோது தாளைப் பிடுங்கினார்கள். கொற்கைக்குப் பதினெட்டு, இன்னொன்றுக்குப் பத்து, ஆக இருபத்தெட்டு. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். மற்ற எல்லாத் தாளிலும் தேறிவிட்டேன். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, தாமிரபரணி கடலில் சேர்ந்த இடத்தைப் பற்றி எழுதியே கோட்டைவிட்ட வரலாற்று மாணவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

ஜூனில் முடிவு வந்தது. வாப்பா சைக்கிளை நிறுத்திக்கூட வைக்கவில்லை, ஹேண்டிலைப் பிடித்தபடியே, "என்னலே ஆச்சு?" என்று கேட்டார். "பாஸ் வாப்பா" என்றேன். நவம்பரில் அந்த ஒரு தாளை எழுதித் தேறிவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நவம்பரில் நிஜமாகப் போகிற ஒன்றை ஜூனில் சொல்வதில் என்ன தவறு என்று நினைத்தேன். அவர் இடது கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு என் தலையில் வைத்தார்.

நவம்பரில் வெள்ளம் வந்தது. மறுதேர்வு வாரத்திலேயே வந்தது. ஆறு எங்கள் வீட்டுக்குள் ஆளுயரம் ஏறியது. கல்லூரிக்குள்ளும் புகுந்தது. அலுவலகத்தில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த சுடலைவடிவு அக்காதான் முதல் கையெழுத்து ஏட்டைத் தலையில் வைத்து மாடிப்படி ஏறிக் காப்பாற்றியது. தேர்வைத் தள்ளிவைத்தார்கள். புதுத் தேதி வருவதற்குள் என் மச்சான் சவுதியிலிருந்து, தம்மாம் நகரத்துக்கு, விசா அனுப்பிவிட்டார். அப்போதெல்லாம் ஏட்டு நாள் வருடக் கடைசியில்தான் நடக்கும். அந்த வருடத்து ஏட்டு நாளில் நான் தம்மாமில் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். சான்றிதழ் எங்கே என்று ஊரில் கேட்டவர்களுக்கு, வெள்ளத்தில் போய்விட்டது என்று சொல்லியாயிற்று. திருநெல்வேலியில் அதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். எல்லார் வீட்டிலும் ஏதாவது போயிருந்தது. 98-ல் வாப்பா மவுத்தாகிப் போய்ச் சேர்ந்தார். அந்த விரல் ஏட்டில் பதியவே இல்லை.

2001-ல் எனக்கு நிக்காஹ் முடிவானது. ரைஹானத்தின் வாப்பா பட்டதாரி மாப்பிள்ளைதான் வேண்டும் என்று மூன்று இடங்களைத் தட்டிக்கழித்துவிட்டு என்னிடம் வந்திருந்தார். எங்கள் ஊரில் அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடாமல் மாப்பிள்ளை கிடையாது. பட்டம் இல்லாதவனுக்கு அவன் பார்க்கிற வேலையைப் போடுவார்கள், அதுவும் இல்லாதவனுக்கு 'வெளிநாடு' என்று போடுவார்கள். எனக்கு வெளிநாடு மட்டும் போட்டிருந்தாலே போதும். மாமா பி.ஏ.வும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். திருத்தம் பார்க்க வண்ணார்பேட்டை அச்சகத்துக்கு நான்தான் போனேன். மஹால் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, சிவப்பு மையால் வைத்தேன். இஸ்லாமிய மாதப் பிறைத் தேதியைச் சரிபார்த்தேன். பேனா முனை என் பெயருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அச்சகக்காரர், "ஒண்ணும் விட்டுப்போகலயே அண்ணாச்சி? எம்.ஏ. ஏதும் உண்டுமா?" என்று கேட்டார். "இல்ல, பி.ஏ. மட்டுந்தான்" என்று அடக்கமாகச் சொன்னேன். அந்த அடக்கத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அதற்குப் பிறகு பலகை வந்தது, கையெழுத்து வந்தது, பி.ஏ. பாய் வந்தார். பொய் என்பதே ஏறக்குறைய எனக்கு மறந்துபோயிருந்தது.

என் மகள் முஃபீதா 2021-ல் அதே கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். வேறொரு கல்லூரியில் வணிகவியல் கிடைத்தும், "வாப்பா படிச்சதுதான் நானும் படிப்பேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அங்கே வரலாற்றுத் துறைக்குத் தலைவி யார் என்று பார்த்தால், பெர்சிஸ். முடிவு வந்த வாரமே மேல்படிப்புக்கு மதராஸ் போனவள் என்பதால் என் இருபத்தெட்டு அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும், "நீ எம்.ஏ. படிச்சிருக்கணும் தாஜ். கொற்கையப் பத்தி நீ பேசுனது இன்னும் ஞாபகம் இருக்கு" என்றாள். பல்கலைக்கழகத்துக்கும் அது ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் வருடம், 2023 டிசம்பரில், ஆறு மறுபடியும் வந்தது. கல்லூரியின் ஆவண அறையில் மார்பளவு தண்ணீர். வடிந்ததும் மாணவர்கள் பழைய மதிப்பெண் பதிவேடுகளை மாடிக்குத் தூக்கிப்போய், பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தார்கள். முஃபீதா தினமும் சேறு படிந்த துப்பட்டாவோடு வந்து கதை சொன்னாள். "கணினிக்கு முன்னால உள்ளது எல்லாம் அங்கன மட்டுந்தான் இருக்காம் வாப்பா. இன்னிக்கு எழுபத்தெட்டு வரைக்கும் காயப்போட்டாச்சு. நாளைக்கு எண்பது, தொண்ணூறு எல்லாம் வந்துரும்" என்றாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறைக்குள்ளும் முழங்கால் சேறு. அதை அப்படியே விட்டுவிட்டு, தாள் காயவைக்க வாகாகப் பதினொரு இரும்புத் தட்டிகள் அடித்துக் குட்டியானை வண்டியில் ஏற்றி நானே கொண்டுபோனேன். முன்னாள் மாணவரின் கல்லூரிப் பற்று என்று பெர்சிஸ் எல்லார் முன்னாலும் சொன்னாள். கை தட்டினார்கள். என் கண் 1992-ஐத் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்தால் அந்தத் தாளைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்ளவும் தயாராகத்தான் போயிருந்தேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், நீரிழிவு வேறு.

எனக்கு முன்னால் முஃபீதா கண்டுபிடித்துவிட்டாள். "வாப்பா, இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள். போனேன். அவள் மடியில் அந்தப் பதிவேடு. முதல் இருபது வரிசை எண் வரை எழுத்து தெரிந்தது. அதற்குக் கீழே மை கரைந்து, பக்கம் முழுக்க நீலமாக ஓடிப்போயிருந்தது. பெயர், எண், மதிப்பெண் எதுவும் இல்லை. என் மகள் அந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். "உங்க பேரு போயிருச்சு வாப்பா. மொத வெள்ளத்துல சர்டிபிகேட்டு போச்சு, இந்த வெள்ளத்துல இதுவும் போச்சு" என்றாள்.

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். உள்ளுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன். இதை எழுதவே கூசுகிறது. மகள் அழுகிறாள், நான் நன்றி சொல்லிக்கொண்டு நிற்கிறேன். முப்பது வருடம் கழித்து ஆறு என் சொல்லைக் காப்பாற்றிவிட்டது. இனி நான் பி.ஏ. இல்லையென்று நிரூபிக்க உலகத்தில் ஒரு தாளும் கிடையாது.

2024 ஜூலையில் முஃபீதாவுக்கு முடிவு வந்தது. முதல் வகுப்பு. தமிழக வரலாறு தாளில் தொண்ணூற்றொன்று, துறையிலேயே அதிகம். அடுத்த வாரம் ஏட்டு நாள். அவள் கல்லூரியிலிருந்து வந்த வேகத்தைப் பார்த்தால் ஏதோ பரிசு வாங்கியவள்போல இருந்தது.

"வாப்பா, அந்த ஏட்ட முழுசும் பாத்தேன். தொண்ணூத்திரண்டுல வெள்ளத்தால பதினோரு பேருதான் எழுதியிருக்காங்க. மிச்சம் கோடு வெறுமனே கெடக்கு. நீங்க தம்மாம் போயிட்டீங்கல்லா, அதான் உங்க பேரு இல்ல. பெர்சிஸ் மிஸ்ஸுட்ட கேட்டேன். முதல்வருட்டயும் கேட்டு அனுமதி வாங்கிட்டாங்க. நீங்க இப்ப வந்து எழுதலாம்."

"உன் பேரு?" என்று கேட்டேன்.

"நான் எப்படி எழுத முடியும்? நம்ம வீட்ல மொத ஆளு நீங்கதான. எங்க வகுப்புல பாதிப் பேரு எழுதுதாங்க, எனக்கும் ஆசைதான். பரவால்ல வாப்பா. உங்க பேரு எல்லா எடத்துலயும் அழிஞ்சு போச்சு. ஏட்டுலயாவது இருக்கட்டும்."

இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் என் பொய்யால் யாருக்கு என்ன நட்டம் என்று இருந்தேன். என் மகளுக்கு உரிய ஒரு கட்டத்தில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவளோ எனக்குக் கால் வலிக்குமே என்று தலையணை கொண்டுவந்து தருகிறாள்.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முதல் முயற்சி பைக்கில் நடந்தது. வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் வைத்துச் சொன்னேன். இரண்டு பேரும் தலைக்கவசம் போட்டிருந்தோம், பக்கத்தில் மதுரைப் பேருந்து. பாலம் இறங்கியதும், "என்னமோ சொன்னீங்களே" என்றாள். "நல்ல வெயிலுன்னு சொன்னேன்" என்றேன். இரண்டாவது முயற்சியில் பயந்துபோய் ரைஹானத்திடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"எங்க வாப்பா பி.ஏ. மாப்பிள்ளன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்க" என்றாள். பிறகு, "அத இப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? என் எடத்துலயா கையெழுத்துப் போடப் போறீங்க? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு மீன்குழம்பில் உப்பு இல்லை. மறந்துவிட்டாயா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

ஏட்டு நாள் வரைக்கும் நான் முஃபீதாவிடம் சொல்லவில்லை. கோழை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.

விழா அந்தப் பழைய அரிசிக் கிடங்கில்தான் நடக்கிறது. இப்போது அதைக் கூடமாக்கி வெள்ளையடித்திருக்கிறார்கள். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் ஏடு. ரைஹானத் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் ஒருவர், பார்த்தால் வயல் வேலை செய்கிறவர், மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது கைப் பெருவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். இன்னும் மையே தொடவில்லை. என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெர்சிஸ் முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். வெள்ளத்தால் விட்டுப்போன ஒரு பெயரை முப்பத்திரண்டு வருடம் கழித்துச் சேர்க்கிறோம், அதுவும் மாணவியின் முயற்சியால் என்று சொன்னாள். எழுந்துபோனேன். 1992-ஆம் வருடப் பக்கத்தை விரித்து வைத்திருந்தார்கள். பதினோரு பெயர், பதினோரு கையெழுத்தும் கைநாட்டும், கீழே வெறும் கோடுகள். முஃபீதா எனக்குப் பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தாள். எழுதினால் எழுதியதுதான். கேட்க ஆள் இல்லை. பக்கத்துக் கட்டத்தில் கைநாட்டு வைக்கவும் ஆள் இல்லை.

நான் பக்கங்களைத் திருப்பினேன். 2024 வரும்வரை திருப்பினேன்.

"முஃபீதா, இங்கன உன் பேர எழுது" என்றேன்.

"நான் எழுதக் கூடாது வாப்பா. நீங்க இருக்கீங்கல்லா."

"நான் இல்லம்மா. எனக்கு ஒரு பேப்பரு நின்னுபோச்சு. இருபத்தெட்டு மார்க்கு. பொறவு நான் எழுதவே இல்ல. வெள்ளத்துல சர்டிபிகேட்டு போகல. அப்படி ஒண்ணு எனக்கு வந்ததே இல்ல."

மேசையில் ஒலிவாங்கி இருந்ததை நான் கவனிக்கவில்லை. இருபத்தெட்டு மார்க்கு என்பது கிடங்கின் நான்கு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. பெர்சிஸ் பைய அதன் பொத்தானை அணைத்தாள். அதற்குள் பேட்டைக்காரர்கள் நான்கைந்து பேராவது கேட்டிருப்பார்கள்.

முஃபீதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பேப்பரு?" என்று கேட்டாள்.

"தமிழக வரலாறு."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, வந்த வேகத்தில் போனது. "மாடியில அன்னிக்கு நான் அழுதேன்லா வாப்பா. அப்பவாவது சொல்லிருக்கலாம்லா. தலையத் தடவிட்டுப் பேசாம நின்னீங்களே."

"எனக்கு அப்ப சந்தோசமா இருந்துச்சும்மா" என்றேன். "தப்பிச்சுட்டேன்னு இருந்துச்சு."

இதைவிட மோசமான பதில் கிடையாது, ஆனால் அதுதான் நடந்தது. அவள் பேனாவை வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போனால் போகட்டும், நான் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, குனிந்து, தன் பெயரையும் ஆண்டையும் ஊரையும் எழுதினாள். எழுத்து நிதானமாக இருந்தது. எழுதி முடித்துப் பேனாவை என் பக்கம் நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெற்றோர் கட்டம். வாப்பாவுக்குக் கிடைக்காத கட்டம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்போடு கையெழுத்துப் போட்டேன். இருபது வருடப் பழக்கம், கை என்னைக் கேட்கவில்லை. பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் பெயரை எழுதி, வாலிலிருந்தே போய் பி.ஏ.வும் எழுதி, அடியில் கோடும் போட்டுத்தான் நின்றது. 'எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி இவர்' என்று அச்சடித்த வரிக்கு நேராக, சா. தாஜ் முகம்மது, பி.ஏ.

பின்னால் யாரோ இருமினார்கள். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம்போல இருந்தது. பி.ஏ.வை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்தேன். போதாது என்று இன்னொரு கோடும் போட்டேன். அறுபத்து மூன்று வருட ஏட்டில் அத்தனை பெரிய அடித்தல் வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை என்று பிறகு சுடலைவடிவு அக்கா சொன்னது.

"அடித்தல் இருந்தா பக்கத்துல யாராவது கையெழுத்துப் போடணுமே தாஜ்" என்று பெர்சிஸ் தயங்கிச் சொன்னாள். "நான் போடட்டுமா?"

"நான் போடுதேன் மிஸ்" என்றாள் முஃபீதா.

என் கையிலிருந்து பேனாவை வாங்கி, நான் அடித்த இடத்துக்குப் பக்கத்தில், இடம் இல்லாததால் சிறியதாக எழுதினாள். நான் குனிந்து பார்த்தேன். தா. முஃபீதா, பி.ஏ. என்று இருந்தது. எல்லாரும் அந்தப் பி.ஏ.வைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் முதல் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை கோபத்திலும் அவள் அதை விட்டுவிடாமல் எழுதியிருந்தாள்.